நிறுத்தக்கூடாத சேர்வர்

நம் ஆஸ்பத்திரியின் இந்த வருட வாணிவிழாவுக்கு என்னைக் கூப்பிட்டு, மாலை போட்டு, மைக்கையும் கையில் தந்தீர்கள். ஓய்வுபெற்ற மனுஷி, நல்லதாக நாலு சொல் சொல்லுவாள் என்று நினைத்திருப்பீர்கள். நான் ஐந்து நிமிடத்தில் இறங்கிவிட்டேன். தொண்டை சரியில்லை என்றேன். தொண்டைக்கு ஒன்றுமில்லை பிள்ளைகள். மேடைக்கு வருகிற வழியில் உங்கள் சேர்வர் அறையை எட்டிப் பார்த்தேன். பார்த்ததோடு பேசுகிற மனம் போய்விட்டது. அன்று விழுங்கியதை இப்போது எழுதுகிறேன். நீளமாகத்தான் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

புதிதாக வந்தவர்களுக்கு என்னைத் தெரியாது. செட்டிபாளையத்தில் இருந்து தினமும் பஸ் ஏறி, புளியந்தீவில் இருக்கிற நம் ஆஸ்பத்திரிக்கு முப்பது வருடத்துக்கு மேல் வந்து போனவள் நான். அதில் முதல் இருபது வருடம் நான் கொம்பியூட்டர் ஆளே இல்லை. தொலைபேசி ஆள். வாட்டு, ஒப்பரேசன் தியேட்டர், ஆய்வுகூடம், மருந்தகம் எல்லாவற்றுக்கும் போகிற உள் இணைப்புகளும் அவை வந்து சேருகிற பெரிய பெட்டியும் என் பொறுப்பு. டொக்டர் ரிசீவரைத் தூக்கினால் காதில் சத்தம் கேட்க வேண்டும். கேட்காவிட்டால் என்னைத் தேடி ஆள் வரும். அந்த வேலையில் நான் படித்தது ஒன்றே ஒன்றுதான்: எது நடந்தாலும் நிறுத்தாதே. பெட்டியின் ஒரு பக்கம் பழுதென்றால் மறு பக்கத்தை ஓடவிட்டுக்கொண்டே திருத்துவோம். அது என் எலும்பில் ஊறியிருந்தது. பின்னால் என்னைக் கவிழ்த்ததும் அதுதான்.

நாற்பத்தேழு வயதில் ஒருநாள் மெனேஜர் கூப்பிட்டார். மேசையில் ஒரு கடிதம் இருந்தது.

“மிஸ், கொழும்பில இருந்து வந்திருக்கு. டெலிபோன் செக்சன மூடப்போறாங்களாம். இனி எல்லாம் நெட்வேர்க்கிலதானாம்.”

“அப்ப நான், சேர்?”

“உங்களையே சேர்வர் பாக்கிற ஆளா வச்சிருக்கலாம் எண்டு எழுதியிருக்காங்க. ஆனா அந்தச் சேர்வர் நிர்வாகப் பரீட்சையை ஒரு வருசத்துக்குள்ள பாஸ் பண்ணணுமாம். ரெண்டு தரம் எழுத விடுவாங்க. இல்லாட்டி கொழும்பில இருந்து ஆள் வரும்.”

அவர் கெட்ட மனிதர் இல்லை. சொல்லும்போது என் முகத்தைப் பார்க்காமல் கடிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். என் கணவர் வான் ஓட்டியவர். முதுகு வருத்தம் வந்து அந்த வருடம் வீட்டோடு இருந்தார். மகள் ஏ.எல். படித்துக்கொண்டிருந்தாள். மாதம் பிறந்தால் வீட்டுக்குச் சம்பளம் கொண்டுவருகிற ஆள் நான் ஒருத்திதான். இந்த வேலை போனால் நாற்பத்தேழு வயதுப் பொம்பிளைக்கு மட்டக்களப்பில் யார் இன்னொரு வேலை தரப்போகிறார்கள்? வாயை மூடிக்கொண்டு புத்தகத்தை எடுத்தேன்.

எப்படிப் படித்தேன் என்று விழா அன்று ஒரு தங்கச்சி கேட்டாள். எப்படிப் படிக்கக்கூடாதோ அப்படிப் படித்தேன். என் மகள் பழைய பாஸ்ட் பேப்பர்களைச் செய்து செய்து படிக்கிறாள் அல்லவா, நானும் அவள் பக்கத்தில் இருந்து அதையே செய்தேன். மாதிரி வினாக்களை எடுத்து, நேரம் வைத்து, விடைகளைப் பாடமாக்கினேன். பஸ்ஸில் கட்டளைகளை வாய்க்குள் முணுமுணுத்துக்கொண்டு வருவேன். பக்கத்துச் சீட்டு மனுஷி தேவாரம் சொல்கிறேன் என்று நினைத்து, “எந்தக் கோயிலுக்குக்கா?” என்று கேட்டாள். வீட்டில் பழைய கொம்பியூட்டர் ஒன்றை வைத்துப் பழகினேன். கண்ணாடி இல்லாமல் எழுத்துத் தெரியாது. கண்ணாடி போட்டால் தலையிடி. நேற்றுப் படித்தது இன்றைக்கு நினைவில் இருக்காது. சத்தியமாகச் சொல்கிறேன், சமையலறையில் நின்று அழுதும் இருக்கிறேன்.

அந்தப் பழகுகிற கொம்பியூட்டரை நான் ஒருநாளும் நிறுத்தவில்லை. இதைக் கவனித்துக்கொள்ளுங்கள். போட்டது போட்டபடி மாதக்கணக்காக ஓடியது. நான் செய்த மாற்றமெல்லாம் உடனே வேலை செய்யும், எனக்குச் சந்தோசத்தில் புளுகமாக இருக்கும். நிறுத்திப் பார்க்க வேண்டும் என்று தோன்றவே இல்லை.

தோன்றாததற்கு இன்னொரு காரணமும் இருந்தது. நம் ஆஸ்பத்திரிக் கொம்பியூட்டர் எல்லாவற்றுக்கும் தாயான சேர்வர். அப்போது அது நிலமாடியில், மருந்தகத்துக்குப் பின்னால் இருந்தது. எப்போதோ மின்சாரம் போய், அது நின்று, எழும்ப இரண்டு நாள் பிடித்ததாம். அதற்குப் பிறகு ஜெனரேட்டர் போட்டால் முதலில் சேர்வருக்கு, பிறகுதான் லிஃப்டுக்கு என்று ஆயிற்று. எனக்கு முன் அதைப் பார்த்தவர் கனடா போகும்போது கதவில் ஒரு தாள் ஒட்டிவிட்டுப் போனார்: “ஒருபோதும் நிறுத்த வேண்டாம்.” வாணிவிழாவோடு ஆயுத பூசைக்கு நம் ஆட்கள் எல்லா மெசினையும் ஓய விடுவார்கள் அல்லவா? அவசரத்துக்கு ஒன்றை விட்டுவிட்டு மற்ற எக்ஸ்ரே மெசின், ஆய்வுகூடத்துச் சாமான், டைப்ரைட்டர் வரைக்கும் நிறுத்தி, துடைத்து, சந்தனம் வைப்பார்கள். சேர்வருக்கும் சந்தனம் வைப்பார்கள். ஆனால் ஓடஓட வைப்பார்கள். “நாலு வருசமா நிக்காத சாமான்” என்று வருகிறவர்களுக்குக் காட்டுவோம். நானும் காட்டியிருக்கிறேன், பெருமையாக.

முதல் பரீட்சைக்குக் கொழும்பு போனேன். கேள்விக்கு விடை எழுதுகிற பரீட்சை இல்லை அது. ஒரு மெசினைத் தருவார்கள், சொன்ன வேலைகளை அதில் செய்து காட்ட வேண்டும். முதல் பக்கத்திலேயே எழுதியிருந்தது: உங்கள் மெசினை நிறுத்தி, மீண்டும் இயக்கிய பிறகே புள்ளியிடப்படும். வாசித்தேன். விளங்கியது. எல்லா வேலையையும் செய்து, ஒவ்வொன்றையும் தொட்டுப் பார்த்தேன், எல்லாம் ஓடியது. நாற்பது நிமிடம் மிச்சம் இருந்தது. ஒருமுறை நிறுத்திப் பார்ப்போமா என்று நினைத்தேன். கை போகவில்லை. ஓடுகிறதை ஏன் நிறுத்த வேண்டும் என்று கையைக் கட்டிக்கொண்டு இருந்துவிட்டு எழும்பி வந்தேன்.

இரண்டு நாள் கழித்துக் காலை பஸ்ஸில் வரும்போது போனில் பெறுபேறு வந்தது. பூச்சியம். குறைவு என்றால்கூட மனம் ஆறியிருக்கும். காரணமும் கீழே போட்டிருந்தது: நான் புது டிஸ்க் ஒன்றைப் பூட்டி, அதன் விவரத்தை, மெசின் எழும்பும்போது வாசிக்கிற தொடக்கக் கோப்பில் பிழையாக எழுதியிருக்கிறேன். நிறுத்தி இயக்கியபோது மெசின் இல்லாத டிஸ்க்கைத் தேடிக்கொண்டு நின்றுவிட்டது. மெசின் எழும்பாவிட்டால் நீங்கள் செய்த மற்ற எல்லாமும் சேர்ந்து போகும். கல்லடிப் பாலம் வரும்வரைக்கும் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு இருந்தேன். 

அப்போது புதன்கிழமைகளில் கொம்பியூட்டர் பழுது பார்க்க ஒருவர் நம் ஆஸ்பத்திரிக்கு வந்து போவார். காத்தான்குடிக்காரர், கட்டாரில் பன்னிரண்டு வருடம் சேர்வர் வேலை பார்த்துவிட்டு ஊரோடு வந்தவர். அண்ணன் முறைவைத்து அவரை நானா என்று கூப்பிடுவேன். அவரிடம் போய்ச் சொன்னேன். தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தார்.

“தங்கச்சி, ஒண்டு கேக்கன், கோவிக்கப்படா. பழகிற மெசின எத்தின தரம் நிப்பாட்டிப் பாத்தீங்க?”

“ஒரு தரமும் இல்ல நானா.”

“ஒரு தரமும்?”

“நிப்பாட்டினா மறுகா எழும்புமோ எண்டு பயம்.”

அவர் சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. “போன் ஆக்களுக்கு நிக்கிறதுதான் மௌத்து, சாவு. சேர்வருக்கு அப்பிடி இல்ல. அது எண்டைக்கோ ஒருநாள் நிக்கத்தான் செய்யும். எழும்பாமப் போனாத்தான் மௌத்து. நிக்கிற நாள நீங்க தீர்மானிக்கணும் தங்கச்சி. இல்லாட்டி அது தீர்மானிக்கும்.” பிறகு கதவுத் தாளைப் பார்த்துத் தலையை ஆட்டினார். “பயத்தையும் எழுதி ஒட்டியிருக்காங்க.”

அன்று முதல் வீட்டு மெசினை நிறுத்தத் தொடங்கினேன். ஒரு மாற்றம் செய்வது, நிறுத்துவது, இயக்குவது, பார்ப்பது. பின்னேரம் ஒன்றுக்குப் பத்துத் தரம். பாதித் தரம் எழும்பாது. எழும்பாததை எழுப்பப் படித்தேன். அந்த நாலு மாதத்தில் படித்ததுதான் படிப்பு, முன்னே படித்ததெல்லாம் பாட்டு. என் கணவருக்குப் பொறுக்கவில்லை. “திருப்பித் திருப்பி நிப்பாட்டுறாய், அது என்ன பாவம் செய்தது? ஒருநாள் புகைஞ்சு போகப்போகுது பார்” என்பார். புகையட்டும் என்றேன்.

ஆனால் ஆஸ்பத்திரிச் சேர்வர்? அதுதான் உறுத்தியது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, எல்லோருக்கும் சொல்லி வைத்து, ஒருமுறை நிறுத்திப் பார்ப்போம் என்று மெனேஜரிடம் கேட்டேன். “ஓடுறத ஏன் மிஸ் நோண்டுறீங்க? நீங்க முதல்ல சோதினையப் பாஸ் பண்ணுங்க” என்றார். பெயிலான ஆளுக்கு வாய் ஏது? திரும்பி வந்துவிட்டேன். அங்கே நான் விட்டது பிழை. அவர் மறுத்தது ஒரு பக்கம் இருக்க, ஒரு வரி எழுதிக் கொடுத்தாவது வைத்திருக்க வேண்டும். வெட்கத்தில் விட்டேன்.

மழை தொடங்கியது. உங்களுக்குத் தெரியாத மழையா? மூன்று நாள் விடவில்லை. வாவி நிரம்பி வெளியே வந்தது. முகத்துவாரத்து மணலை வெட்டினால் கடலுக்கு வடியும் என்று எல்லோரும் கதைத்தார்கள், இன்னும் வெட்டியிருக்கவில்லை. என் இரண்டாவது பரீட்சைக்கு, அதாவது கடைசிப் பரீட்சைக்கு, பத்து நாள் இருந்தது. காலையில் வந்து பார்க்கிறேன், ஆஸ்பத்திரிப் பின்வளவில் முழங்கால் தண்ணீர். சேர்வர் அறைக்கு ஏறுகிற மூன்று படியில் இரண்டு மூழ்கிவிட்டன.

உள்ளே போனால் மெனேஜரும் நாலு அற்ரன்டன்மாரும் நிற்கிறார்கள். நோயாளிகளைத் தள்ளுகிற ட்ரொலி ஒன்றையும் கொண்டுவந்து வைத்திருக்கிறார்கள்.

“மிஸ், நல்ல நேரம் வந்தீங்க. மேல்மாடிக்குக் கொண்டு போவம். யூ.பி.எஸ்ஸையும் சேர்த்து ட்ரொலியில வைப்பம். அது நிக்காது. ஓடஓட ஏத்திருவம்.”

மூத்த அற்ரன்டன் தோளில் துவாயைச் சரிசெய்தபடி, “சேலைன் போத்தலோட ஆளத் தள்ளிற மாதிரித்தான் மிஸ். நான் பாத்துக்கிறன்” என்றார்.

எனக்குச் சிரிப்புத்தான் முதலில் வந்தது. ஓடிக்கொண்டிருக்கிற சேர்வரை, பாரமான யூ.பி.எஸ்ஸோடு, மழையில் வழுக்குகிற சாய்தளத்தால் தள்ளிக்கொண்டு போகப்போகிறார்கள். நிறுத்தக்கூடாது என்று சொல்லிச் சொல்லி நாங்கள் வந்து நின்ற இடம் அது.

“வேணாம் சேர். நிப்பாட்டித்தான் தூக்கணும். டிஸ்க் சுத்திக்கொண்டிருக்கு. ஒரு தட்டுப் பட்டாக் காணும், எல்லாம் போயிரும்.”

“நிப்பாட்டவா? நாலு வருசமா நிக்காத சாமான் மிஸ்! எழும்பாட்டி?”

நியாயமான கேள்வி. பெக்அப் இருந்தது. ஆனால் அதிலிருந்து எல்லாவற்றையும் திருப்பிக் கட்ட இரண்டு நாள் பிடிக்கும். வெள்ளத்துக்குள் நோயாளிகள் வந்து குவிந்துகொண்டிருந்தார்கள். ஐ.சீ.யூவில் ஆட்கள் இருந்தார்கள். யாருக்கு என்ன மருந்து, யாருடைய இரத்தம் என்ன வகை என்பதெல்லாம் அந்தப் பெட்டிக்குள்தான் இருந்தது.

“எழும்பாட்டி ராஜினாமா எழுதித் தாறன்” என்றேன். கொழும்புக் கடிதம் ஏற்கெனவே என் கழுத்தில் கிடந்தது, இன்னொன்று கூடுவதில் என்ன? “ஆனா எனக்கு ஒரு மணித்தியாலம் வேணும்.”

“தண்ணி படியில நிக்குது மிஸ்!”

“அதுக்குத்தான் சேர் கேக்கன். வாசல்ல மணல் மூட்டை அடுக்கச் சொல்லுங்க. வாட்டுகள்ல இருக்கிற ஆக்களின்ட விவரம் எல்லாத்தையும் இப்பவே பேப்பரில அடிச்சு எடுக்கச் சொல்லுங்க. என்னை ஒருத்தரும் கூப்பிடாதீங்க.”

அவர் என்னைப் பார்த்தார். பிறகு அற்ரன்டன்மாரைப் பார்த்து, “மூட்டை கொண்டு வாங்க” என்றார். அந்த ஒரு சொல்லுக்காக அவருக்கு நான் இன்றுவரை நன்றி வைத்திருக்கிறேன்.

கதிரையில் இருந்து, இப்போது என்னென்ன ஓடுகிறது என்று ஒரு தாளில் எழுதினேன். நிறுத்தி இயக்கினால் தானாக எழும்பும் என்று எதெதற்கு எழுதிவைக்கப்பட்டிருக்கிறது என்று இன்னொரு தாளில் எழுதினேன். இரண்டையும் பக்கத்தில் வைத்தேன். மூன்று இடத்தில் பொருந்தவில்லை. கனடா போனவர் கையால் ஓடவிட்ட வேலைகள் இரண்டு, எங்கும் எழுதப்படவில்லை. மூன்றாவது, ஆய்வுகூட முடிவுகள் வந்து விழுகிற இணைப்பு. அதைக் கையால் பூட்டிவிட்டு எழுதாமல் விட்டது வேறு யாருமில்லை, நானேதான். சேர்வர் வேலைக்கு வந்த முதல் மாதம். ஓடியது, விட்டுவிட்டேன்.

பிறகு தொடக்கக் கோப்பைத் திறந்தேன். எப்போதோ கழற்றி எறிந்த பழைய டிஸ்க் ஒன்றின் விவரம் அதில் அப்படியே கிடந்தது. பரீட்சையில் நான் செய்த அதே பிழை. அதைக் கழற்றிய பிறகு இந்தச் சேர்வர் எந்த நாள் நின்றிருந்தாலும் எழும்பியிருக்காது. நாங்கள் நாலு வருடமாகச் சந்தனம் வைத்துக் காட்டிக்கொண்டிருந்தது இதைத்தான். நான் பெயிலாகாமல் இருந்திருந்தால் அந்தக் கோப்பைத் திறந்தே பார்த்திருக்க மாட்டேன் பிள்ளைகள்.

திருத்தினேன். திருத்தியதை மறுபடி வாசித்தேன். மூட்டைக்குக் கீழால் தண்ணீர் கசிந்து என் செருப்பை நனைத்தது. மெனேஜர் வாசலில் நின்று மணிக்கூட்டைப் பார்த்தார். நானாவுக்குப் போன் எடுத்தேன், லைன் கிடைக்கவில்லை. இனி நான்தான். நிறுத்துகிற கட்டளையை அடித்து, முருகா என்று தட்டினேன்.

காற்றாடிச் சத்தம் நின்றது. அந்த அறை அவ்வளவு அமைதியாக இருந்ததை நாங்கள் யாரும் முன்னே கேட்டதில்லை. மூத்த அற்ரன்டன் துவாயைத் தோளில் இருந்து எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார், செத்த வீட்டில் நிற்கிற மாதிரி.

மேலே கொண்டுபோய், வயர்களைப் பூட்டி, இயக்கினேன். ஏழெட்டு நிமிடம் திரை கறுப்பாகவே இருந்தது. அந்த ஏழெட்டு நிமிடத்தில் நான் பத்து வயது கூடிப்போனேன். பிறகு வரிகள் ஓடத் தொடங்கின. ஆய்வுகூடத்தில் இருந்து சத்தம் போட்டார்கள்: “மிஸ், வருது! ரிப்போர்ட் வருது!” மருந்து லேபிள் அடிக்கிற பிரின்டர் மட்டும் வேலை செய்யவில்லை. பின்னேரம்வரை கையால் எழுதினார்கள். அது என் இரண்டு தாளிலும் தப்பிப்போனது. எல்லாவற்றையும் பிடித்துவிட்டேன் என்று உங்களுக்குப் பொய் சொல்ல மாட்டேன்.

பத்து நாள் கழித்துக் கொழும்பில் கடைசித் தரம் பரீட்சைக்கு இருந்தேன். அன்று என் வேகம் சரியில்லை, வெள்ளத்துக்குப் பிறகு உடம்பு தேறவே இல்லை. முடிய இருபத்தைந்து நிமிடம் இருக்கும்போது ஒரு வேலை செய்யாமல் மிச்சம் கிடந்தது. அதைச் செய்தால் நிறுத்திப் பார்க்க நேரம் இல்லை. நிறுத்திப் பார்த்தால் அதைச் செய்ய நேரம் இல்லை. பக்கத்தில் இருந்த பொடியன் படபடவென்று தட்டிக்கொண்டிருந்தான். நான் அந்த வேலையை விட்டேன். மெசினை நிறுத்தினேன். எழும்பியது, ஆனால் ஒரு சேவை எழும்பவில்லை. எழும்பாததைத் திருத்தினேன். மறுபடி நிறுத்தினேன். இந்த முறை எல்லாம் எழும்பியது. நேரம் முடிந்தது.

மட்டுமட்டாகப் பாஸ். சான்றிதழைப் பார்த்து என் கணவர், “இவ்வளவுதானா? இந்தக் கடதாசிக்கா அந்த மெசின அந்தப் பாடு படுத்தினாய்?” என்றார். என் வேலை தப்பியது. மகள் கம்பஸ் போனாள். எனக்குச் சந்தோசத்தைவிடக் களைப்புத்தான் பெரிதாக இருந்தது. இரண்டு நாள் லீவு போட்டுப் படுத்திருந்தேன்.

அடுத்த வாணிவிழாவுக்கு மெனேஜரே சந்தனக் கிண்ணத்தோடு மேல்மாடிக்கு வந்தார். “மிஸ், இந்த வருசம் இதுக்கும் ஓய்வு குடுப்பமா?” என்று கேட்டார். அன்றிலிருந்து நான் ஓய்வுபெறும்வரை ஒவ்வொரு ஆயுத பூசைக்கும், எல்லோருக்கும் முன்கூட்டிச் சொல்லி, வாட்டு விவரங்களைப் பேப்பரில் எடுத்து வைத்து, சேர்வரை நிறுத்துவோம். நின்ற பெட்டிக்குத்தான் சந்தனம். கற்பூரம் காட்டியதும் இயக்குவோம். எழும்பாத சாமான் ஏதாவது ஒவ்வொரு வருடமும் இருக்கும். கண்டுபிடித்துத் திருத்திவிட்டுத்தான் பூசைக் கடலை சாப்பிடுவோம். கனடாக்காரரின் தாளை நானே கிழித்தேன்.

நான் போய் மூன்று வருடம். இந்த முறை மேல்மாடிக்கு ஏறி வந்தபோது சேர்வர் ஓடிக்கொண்டிருந்தது. பெட்டியில் ஈரச் சந்தனம். இப்போது அதைப் பார்க்கிற தம்பி பக்கத்தில் நின்றான், அவனிடம், “எப்ப கடைசியா நிப்பாட்டினது?” என்று கேட்டேன். அவன் முகமெல்லாம் சிரிப்பாக, “நீங்க போனதுக்குப் பிறகு ஒருநாளும் நிக்கல மிஸ். மூண்டு வருசம்!” என்றான். என்னைச் சந்தோசப்படுத்தத்தான் சொன்னான், அவனில் எனக்குக் கோபமில்லை. கதவில் புதுத்தாள் ஒன்று, அழகாக அச்சடித்து, பிளாஸ்டிக் உறை போட்டு ஒட்டியிருந்தது. அதே வாசகம்.

நான் அதைக் கிழிக்கவில்லை. எனக்கு இப்போது அந்த அறையில் உரிமை இல்லை. உங்களில் நாலு பேர் இந்தப் பரீட்சைக்குப் படிக்கிறீர்களாம், நல்லது. புத்தகத்தை மூடிவையுங்கள். ஒரு தாளில் என்ன ஓடுகிறது என்று எழுதுங்கள், இன்னொன்றில் என்ன தானாக எழும்பும் என்று எழுதுங்கள். மெனேஜரிடம் ஒரு நாளைக் கேட்டு வாங்குங்கள். தரமாட்டேன் என்றால் எழுத்தில் கேளுங்கள், என்னைப் போல வெட்கப்பட்டுக்கொண்டு திரும்பாதீர்கள். ஐப்பசி பிறந்துவிட்டது, மின்சாரம் போகிற காலம். நேற்று வாவிப் பக்கம் இருண்டுகொண்டு வந்தது, செட்டிபாளையத்தில் முதல் மழை விழுந்துவிட்டது.